மடத்துக் கணக்குப் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள்: கன்னியர் மடத்தில் பொருளியல் சொல்லித்தரப் போகிறவர்களுக்கு

ஆறாம் படிவத்தில் பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்ற இரண்டாம் மாதம், பினாங்கில் ஒரு கன்னியர் மடத்திலிருந்து போன் வந்தது. "டீச்சர், எங்க நவகன்னியருக்குச் சமூக நீதி பத்தி நாலு வகுப்பு எடுக்கணும். கொஞ்சம் பொருளாதாரமும் சேர்த்து" என்றார் இல்லத் தலைவி. நவகன்னியர் என்றால் துறவறப் பயிற்சியில் இருக்கும் பெண்கள். கொஞ்சம்தானே என்று நானும் தலையாட்டிவிட்டேன். முதல் நாள் கரும்பலகையில் தேவைக்கோடு, அளிப்புக்கோடு இரண்டையும் அழகாக வரைந்தேன். காலை ஐந்து மணிக்கே எழுந்து செபித்துவிட்டு வந்த பிள்ளைகள் மதிய உணவுக்குப் பிறகு அந்தக் கோடுகளைப் பார்த்தால் என்ன ஆகும்? ஒருத்தி உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். பாவம், குறட்டை வேறு.

அதற்குப் பிறகு மூன்று அணிகளுக்கு எடுத்துவிட்டேன். இப்போது கோலாலம்பூரிலிருந்தும் தைப்பிங்கிலிருந்தும் இதே பொறுப்பை ஏற்றவர்கள் எப்படித் தொடங்குவது என்று கேட்கிறார்கள். போனில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

ஒப்புக்கொள்ளும் முன்

நாலு வகுப்பு போதாது. குறைந்தது எட்டு வகுப்பு கேளுங்கள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம், காலைப் பசியாறலுக்குப் பிறகு. இரு வகுப்புகளுக்கு நடுவே இரண்டு வாரம் இடைவெளி வேண்டும். பிள்ளைகள் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வர அந்த நாட்கள் தேவை.

அடுத்து, இல்லத் தலைவியிடம் ஒன்றை நேராகக் கேட்டுவிடுங்கள்: "மடத்தின் வரவு செலவுக் கணக்கை வகுப்பில் வைத்துப் பேசலாமா?" இதைக் கேட்கத் தயக்கமாக இருக்கும். எனக்கும் இருந்தது. கேட்காமல் போனால் நீங்கள் எட்டு வகுப்பிலும் 'வெளியே இருக்கும் ஏழைகள்' பற்றியே பேசுவீர்கள், எல்லாரும் உருக்கமாகக் கேட்பார்கள், ஒன்றும் நடக்காது. முழுப் புத்தகமும் வேண்டாம். ஒரு மாதக் கணக்கு போதும்: சந்தைச் செலவு, மின்சாரம், மருந்து, வேலையாட்கள் சம்பளம், வந்த காணிக்கை. முடியாது என்று சொன்னால் சண்டை போடாதீர்கள். பொருளாளர் சிஸ்டரை ஒரு வகுப்புக்கு வந்து பேசச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவருக்குத்தான் சொல்ல நிறைய இருக்கும், கேட்பார்தான் இல்லை.

யார் உட்கார்ந்திருக்கிறார்கள்

என் முதல் அணியில் ஏழு பேர். பேராக் தோட்டத்தில் பிறந்தவர், ஜோர்ஜ்டவுன் நகரப் பெண், தமிழ்நாட்டிலிருந்து வந்த இருவர் என்று கலவை. வகுப்பு தமிழில்தான், ஆனால் மலாய்ச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் ஊடே வரும். வரட்டும்.

மலேசியாவின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) என்று பலகையில் எழுதினேன். திண்டுக்கல் பக்கத்துப் பிள்ளை கணக்குப் போட்டுவிட்டுக் கண்ணை விரித்தாள்: "ஒரு வெள்ளிக்கு 20 ரூபாய் வெச்சாலே 34,000 ரூபாய் டீச்சர்! நல்ல சம்பளம்தானே?" தோட்டத்துப் பிள்ளை திரும்பிப் பார்த்து, "அதுல வாடகை எவ்வளவு போகும்னு தெரியுமா சிஸ்டர்?" என்றாள். வாங்கும் சக்தி என்று நான் ஒரு மணி நேரம் விளக்கவிருந்ததை இருவரும் இரண்டு வரியில் முடித்துவிட்டார்கள். இப்படி ஒரு கேள்வி வந்தால் உங்கள் குறிப்பை மூடி வைத்துவிட்டு அதன் பின்னாலேயே போங்கள்.

இன்னொன்று. 'ஏழைகள்', 'அவர்கள்' என்று பேசிப் பழகியவர்கள் நாக்கைக் கட்டிக்கொள்ள வேண்டும். துறவற வாழ்வுக்கு வருபவர்கள் எல்லாரும் வசதியான வீட்டிலிருந்து வருவதில்லை. நான் பி40, அதாவது வருமானத்தில் கீழே இருக்கும் 40 விழுக்காட்டுக் குடும்பங்களின் செலவுப் பட்டியல் ஒன்றைக் காட்டி 'இவர்கள் எப்படித்தான் வாழ்கிறார்களோ' என்றேன். வகுப்பு முடிந்ததும் ஒரு பிள்ளை வந்து, "அது எங்க வீடு மாதிரிதான் இருக்கு டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனாள். குரலில் கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

முதல் வகுப்பு: சம்பளச் சீட்டு

போப்பாண்டவர்களின் மடல்களோடு தொடங்காதீர்கள். ஒரு சம்பளச் சீட்டோடு தொடங்குங்கள். பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் மறைத்த உண்மையான சீட்டு கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் நீங்களே ஒன்று தயாரித்துக்கொள்ளலாம்.

1,700 வெள்ளி என்பது 2025 பிப்ரவரி 1 முதல் வந்த தொகை. ஐந்து பேருக்குக் குறைவான ஆட்களை வைத்திருக்கும் முதலாளிகளுக்கு அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல். அதற்கு முன் 1,500. இதில் ஊழியர் சேமநிதிக்குத் தொழிலாளி பங்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி. மிச்சம் 1,513. சொக்சோ என்னும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக் காப்பீட்டுக்கு இன்னும் சில வெள்ளி. கைக்கு வருவது ஏறக்குறைய 1,500 என்று வையுங்கள். முதலாளி தன் பங்காக 13 விழுக்காடு, 221 வெள்ளி, சேமநிதியில் போடுகிறார். அது சீட்டில் இருந்தாலும் பலர் கவனிப்பதில்லை. ஓவர்டைமுக்காக மாதச் சம்பளத்தை 26 நாளாலும் 8 மணி நேரத்தாலும் வகுத்தால் ஒரு மணி நேரக் கூலி 8 வெள்ளி 17 காசு. ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, 12 வெள்ளி 26 காசு. இவ்வளவுதான் பாடம். இதையே மெதுவாக, ஒவ்வொருவரும் தாங்களே கூட்டிக் கழிக்கும்படி செய்தால் ஒரு மணி நேரம் ஆகும்.

வீட்டுப்பாடம்: அந்த 1,500 வெள்ளியில் கணவன், மனைவி, இரு பிள்ளைகள் ஒரு மாதம் வாழ வேண்டும். விலைகளை ஊகிக்கக் கூடாது. சௌராஸ்தா சந்தைக்குப் போய் மீன் என்ன விலை, கீரை என்ன விலை என்று எழுதிக்கொண்டு வர வேண்டும். வாடகை விளம்பரங்களைப் பார்க்க வேண்டும். திரும்பி வரும்போது எவருக்கும் கணக்கு இடிக்காமல் இருந்ததில்லை. ஒரு பிள்ளை, மனைவியையும் வேலைக்கு அனுப்பிக் கணக்கைச் சரிக்கட்டினாள். "அப்ப பிள்ளைங்கள யாரு பார்ப்பாங்க?" என்று பக்கத்திலிருந்தவள் கேட்டாள். வாய்ப்புச் செலவு, அதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் இன்னொன்றை இழக்கிறோம் என்ற கருத்து, அங்கேதான் நுழைகிறது. கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்ற பழமொழியை இந்த இடத்தில் சொன்னால் யாருக்கும் மறக்காது.

இந்த வகுப்பிலேயே வறுமைக்கோட்டையும் தொட்டுவிடுவேன். மலேசியாவின் பழைய வறுமைக்கோடு மாதம் 980 வெள்ளி. 2020இல் கணக்கிடும் முறையை மாற்றி, 2019க்கு 2,208 வெள்ளி என்று அறிவித்தார்கள். பழைய முறையில் 2016இல் ஏழைக் குடும்பங்கள் 0.4 விழுக்காடு. புதிய முறையில் அதே 2016க்கு 7.6 விழுக்காடு. அதே ஆண்டு, அதே மக்கள், அதே வீடுகள். கோடு மட்டும்தான் நகர்ந்தது. இதைச் சொல்லிவிட்டு நான் சற்று நேரம் பேசாமல் இருப்பேன்.

சமையலறை

இதுதான் இந்தப் பயிற்சியின் இதயம். இதில்தான் நான் பெரிய தவறும் செய்தேன்.

மடத்தில் 19 ஆண்டுகளாகச் சமைப்பவர் ஒரு அக்கா. விடியற்காலை வந்து, மதியம் சற்று ஓய்ந்து, இரவு உணவு முடித்துப் போவார். மூன்றாம் வகுப்பில் நான் உற்சாகத்தில் அவருடைய சம்பளத்தையும் வேலை நேரத்தையும் பலகையில் எழுதி, மணிக்கு எவ்வளவு விழுகிறது என்று கணக்குப் போடச் சொன்னேன். இல்லத் தலைவி அனுமதி கொடுத்திருந்தார்; அக்காவிடம் நான் கேட்கவில்லை. தேநீர் கொண்டு வந்தவர் பலகையைப் பார்த்துவிட்டார். தட்டை வைத்தார், போய்விட்டார். இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே, "என் சம்பளத்தை நான் எங்க வீட்டுல கூடச் சொன்னதில்ல டீச்சர்" என்றார். நீதி கற்பிக்க வந்தவள் செய்த வேலை அது. ஆகவே, யாருடைய வாழ்க்கையைப் பாடமாக்குகிறீர்களோ அவரிடம் முதலில் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

அக்கா பிறகு சம்மதித்தார், அவரே வந்து உட்கார்ந்தும் பேசினார். அன்று எழுந்த கேள்விகளை வரிசையாகச் சொல்கிறேன். எந்த மடத்திலும் இவைதான் எழும். முதலாவது சட்டம். குறைந்தபட்சச் சம்பள ஆணை வீட்டுப் பணியாளர்களை உள்ளடக்காது. ஆனால் மடம் என்பது வீடா, நிறுவனமா? அதைத் தொழிலாளர் இலாகாவில் கேட்டு எழுத்தில் வாங்குவது பொருளாளரின் வேலை. வீட்டுப் பணியாளருக்கும் 2021 ஜூன் முதல் சொக்சோ கட்டாயம்; இது பல இல்லங்களில் இன்னும் தெரியாமலே இருக்கிறது, மடமானாலும் மாளிகையானாலும்.

இரண்டாவது கேள்வி கடினம். "நாங்களே ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவங்க. எங்களுக்கே சம்பளம் இல்லையே?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். நியாயமான கேள்வி. நான் திருப்பிக் கேட்டேன்: "உங்களுக்கு உடம்புக்கு முடியலைன்னா யார் மருத்துவமனைக்குச் செலவு செய்வாங்க? எழுபது வயசுல எங்க இருப்பீங்க?" எல்லாருக்கும் பதில் தெரிந்திருந்தது: சபை பார்த்துக்கொள்ளும். அதே கேள்வியை அக்காவிடம் கேட்டேன். அவர் சிரித்தார். "மாதா பார்த்துக்குவாங்க."

இங்கே பொருளியல் ஆசிரியருக்கு வேலை இருக்கிறது. விவிலியத்தில் திருத்தூதர் பணிகள் நாலாம் அதிகாரத்தில் வரும் பொதுவுடைமை வாழ்வும், சபையின் பொதுக் கருவூலமும் ஒரு வகையில் காப்பீடுதான்: எல்லாரும் ஈட்டியதை ஒன்றாகப் போட்டு, விழுந்தவரைத் தூக்குவது. கையில் காசில்லாத சிஸ்டருக்கு அந்தக் காப்பு இருக்கிறது, கையில் மாதச் சம்பளம் வாங்கும் அக்காவுக்கு இல்லை. ஏழ்மையைத் தேர்ந்தெடுத்தவருக்கும் ஏழ்மையில் சிக்கியவருக்கும் உள்ள வித்தியாசம் பணத்தொகையில் இல்லை, ஆபத்தை யார் சுமக்கிறார் என்பதில் இருக்கிறது. இதை நீங்கள் சொல்லக் கூடாது. இரு கேள்விகளையும் அடுத்தடுத்துக் கேட்டால் அவர்களே சொல்வார்கள்.

மடல்கள்

இப்போதுதான் திருச்சபைப் போதனைக்கு வர வேண்டும். 1891 மே 15இல் போப் பதின்மூன்றாம் சிங்கராயர் (லியோ) வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' மடலை முழுவதும் படிக்க வைக்காதீர்கள். ஆலைத்தொழில் காலத்து ஐரோப்பாவை நினைத்து எழுதியது, மொழியும் கனமானது. 45ஆம் பத்தி போதும். முதலாளியும் தொழிலாளியும் மனம் ஒப்பிப் பேசி முடித்த கூலியாகவே இருந்தாலும், அது சிக்கனமாக வாழும் தொழிலாளியைத் தாங்க வேண்டும் என்கிறது அது. அந்தக் கடமை ஒப்பந்தத்துக்கும் மேற்பட்டது. வேறு வழியில்லாமல் தலையாட்டியவரின் சம்மதம் சம்மதமாகாது என்பது இதன் பொருள். இதைச் சொன்னதும் அதே 1891இல் நம் முன்னோர் எங்கிருந்தார்கள் என்று கேளுங்கள். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் பினாங்குக்கு வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். மலாயாவில் இந்தியர்களுக்கான ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்தது 1910இல்தான். கைநாட்டு வைத்த அந்த ஒப்பந்தமும் 'சம்மதம்'தான்.

இரண்டாம் ஜான் பால் 1981இல் எழுதிய 'லாபோரெம் எக்செர்சென்ஸ்' 19ஆம் பத்தியும், பதினாறாம் பெனடிக்ட் 2009இல் எழுதிய 'காரித்தாஸ் இன் வெரித்தாத்தே' ஆறாம் பத்தியும் அவசியம். முன்னது, ஒரு பொருளாதார அமைப்பு நீதியானதா என்று அளந்து பார்க்க நியாயமான கூலியே உரைகல் என்கிறது. பின்னது, ஒருவருக்கு நீதிப்படி சேர வேண்டியதைக் கொடுக்காமல் நம்முடையதை அன்பளிப்பாகக் கொடுக்க முடியாது என்கிறது. கிறிஸ்துமஸ் அன்று அக்காவுக்குப் புடவை எடுத்துக் கொடுத்த பழக்கத்தைப் பற்றி அன்றைக்கு யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் எல்லாரும் அதைத்தான் நினைத்தார்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் நினைத்தேன்.

ஒரு எச்சரிக்கை. மடல்களை மட்டும் படித்துவிட்டு 'சந்தை தீயது, இலாபம் பாவம்' என்று முடிவு கட்டும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு 1991இன் 'சென்தேசிமுஸ் ஆன்னுஸ்' 34, 35ஆம் பத்திகளைக் கொடுங்கள். தடையற்ற சந்தை வளங்களைத் திறமையாகப் பயன்படுத்தும் கருவி என்றும், இலாபத்துக்கு அதற்குரிய இடம் உண்டு என்றும் அங்கே இருக்கிறது. அதன் எல்லைகளும் அங்கேயே இருக்கின்றன.

நல்ல எண்ணமும் தவறும்: எண்ணெய், வாடகை

துறவற இல்லத்தில் பொருளியல் ஏன் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது ஒரு கிலோ சமையல் எண்ணெய் பாக்கெட். அரசு மானியத்தில் 2 வெள்ளி 50 காசு. பெரிய போத்தல் எண்ணெயை வாங்க முடியாதவர்களுக்காக வந்தது. ஆனால் கடைக்குப் போனால் பல நேரம் இருக்காது, இருந்தாலும் ஆளுக்கு இத்தனை என்று அளவு. ஏன்? விலை குறைவு என்றால் தேவைப்படுபவரும் வாங்குவார், உணவுக்கடைக்காரரும் வாங்குவார், பதுக்குபவரும் வாங்குவார். நான் முதல் நாள் வரைந்து தூங்கவைத்த அந்த இரு கோடுகளையும் இங்கே வரைந்தேன். ஒருத்தியும் தூங்கவில்லை.

அடுத்த வகுப்பில் அதற்கு நேர் எதிர்ப்பக்கம். ஜோர்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாடு 2000ஆம் ஆண்டு தொடக்கத்தோடு நீங்கியது. அதுவரை மிகக் குறைந்த வாடகையில் தலைமுறை தலைமுறையாக இருந்த குடும்பங்கள் பல வெளியேறின. மறுபக்கம், வாடகை அவ்வளவு குறைவாக இருந்ததால் வீட்டுக்காரர்கள் கூரைகூட மாற்றாமல் விட்டதும் உண்மை. 2008இல் யுனெஸ்கோ பாரம்பரிய நகரப் பட்டம் வந்தது. பிறகு கஃபேக்களும் தங்குவிடுதிகளும். இரு பக்கத்தையும் வைத்து வாதாடச் சொல்லுங்கள். பாதிப் பேர் வாடகைதாரர், பாதிப் பேர் வீட்டுக்காரர். என் வகுப்பில் வீட்டுக்காரர் பக்கம் வாதாடிய பிள்ளைதான் வென்றாள். வென்றுவிட்டு, "ஆனா டீச்சர், எங்க பாட்டி லெபோ பசார் பக்கத்துல இருந்து அப்படித்தான் போனாங்க" என்றாள்.

கடன்

விளக்குக் கம்பங்களில் ஒட்டியிருக்கும் ஆலோங் (உரிமமில்லா வட்டிக்காரர்) ஸ்டிக்கர்களைப் பார்க்காத பிள்ளை இல்லை. இதைச் சுருக்கமாக, ஆனால் பென்சிலும் தாளுமாகச் செய்யுங்கள். உரிமம் பெற்ற வட்டிக்கடையில் அடமானமில்லாக் கடனுக்குச் சட்டம் அனுமதிப்பது ஆண்டுக்கு 18 விழுக்காடு வரை. மாதம் 10 விழுக்காடு வட்டி என்று ஒருவன் இனிக்க இனிக்கச் சொன்னால் அது ஆண்டுக்கு 120. அடுத்து, நல்ல பெயருள்ள இடங்களிலும் வரும் 'ஃபிளாட்' வட்டி, அதாவது முதல் குறைந்தாலும் கடைசி வரை முழுத் தொகைக்கும் போடும் வட்டி: 1,000 வெள்ளிக்கு 10 விழுக்காடு, 12 மாதத் தவணை. மொத்தம் 1,100 கட்டுகிறோம். ஆனால் மாதாமாதம் முதல் குறைந்துகொண்டே வருவதால் உண்மை வட்டி ஏறக்குறைய 18 விழுக்காடு. பங்குமக்கள் சிஸ்டரிடம்தான் முதலில் வந்து அழுவார்கள். அப்போது செபமாலையோடு இந்தக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

நம் அம்மாக்கள் கட்டும் கூட்டு (சீட்டு) பற்றியும் பேசுங்கள். கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்யக் கூடாது என்று 1971இல் வந்த சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே 'கூட்டு' என்ற சொல் உட்கார்ந்திருக்கிறது. அதோடு துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளரிடமே 10 வெள்ளி 10 வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டத்தை வாங்கியது. என் தோட்டத்துப் பிள்ளையின் தாத்தா அதில் பங்கு வைத்திருந்தாராம். அந்தப் பழைய பங்குப் பத்திரத்தை வீட்டிலிருந்து போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, எல்லாருக்கும் காட்டினாள். அன்று வகுப்பை அவள்தான் எடுத்தாள்.

வெளியே போவது

ஒரு முறை பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு ஷிப்ட் மாறும் நேரத்தில் போங்கள். பார்ப்பதற்கு மட்டும். வெளிநாட்டுத் தொழிலாளர் தங்குமிடங்களுக்குள் கூட்டமாகப் போய்ப் படம் எடுப்பது வேண்டாம். அவர்களில் ஆவணம் இல்லாதவர் இருந்தால் உங்கள் ஒரு படம் அவருக்கு வினையாகும். பினாங்கு மறைமாவட்டத்தின் மனித மேம்பாட்டு அலுவலகத்தில் இந்தப் பணியைச் செய்பவர்களிடம் முதலில் பேசி, அவர்கள் சொல்கிறபடி நடங்கள். ஜூலையில் வகுப்பு நடந்தால் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவும் நல்ல பாடம். மெழுகுவர்த்திக்கடை, இளநீர்க்கடை, வாகன நிறுத்தம் என்று யாருக்கு எவ்வளவு என்று விசாரித்து வரச் சொன்னால் பிள்ளைகள் பக்தியோடு கணக்கும் எடுத்து வருவார்கள்.

'இது அரசியல் ஆச்சே' என்று மூத்த சிஸ்டர் ஒருவர் நிச்சயம் கேட்பார். கட்சிப் பெயர் எதையும் வகுப்பில் எடுக்காதீர்கள். சம்பளத்தைப் பேசாமல் இருக்காதீர்கள்.

கடைசி வகுப்பு

பரீட்சை வேண்டாம். இல்லத் தலைவி, பொருளாளர், நவகன்னியர், சமையலறை அக்கா எல்லாரும் ஒரு மேசையில் உட்கார்ந்து, மடம் மாற்ற வேண்டியது எது என்று ஒன்றே ஒன்றை எழுத வேண்டும். பார்ப்பது, தீர்ப்பிடுவது, செயல்படுவது என்று இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தைத் தொடங்கிய கார்டைன் சொன்ன முறையில், பலரும் இரண்டாவதோடு நிறுத்திவிடுவோம். எழுதியதற்குக் கீழே தேதி போடுங்கள், பொறுப்பாளர் பெயர் எழுதுங்கள், அடுத்த ஆண்டு எந்த மாதம் திரும்பப் பார்ப்பது என்றும் குறியுங்கள். பத்து தீர்மானம் எழுதிய ஒரு அணியில் ஒன்றும் நடக்கவில்லை.

முதல் அணி எழுதியது இரண்டு வரி. அக்காவுக்கு ஞாயிறு விடுமுறை, அன்று சிஸ்டர்கள் முறைவைத்துச் சமைப்பது. அவர் பெயரில் சேமநிதி திறந்து மடம் தன் பங்கைக் கட்டுவது. ஒன்றே ஒன்று என்று சொல்லியும் இரண்டு எழுதினார்கள், விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைச் சாம்பார் முதல் சில மாதங்கள் வாயில் வைக்க முடியாது என்று கேள்விப்பட்டேன். மறு ஆண்டு இரண்டாம் அணிக்குப் போனபோது அக்கா ஒரு காகிதத்தை மடித்துக்கொண்டு வந்தார். சேமநிதி அறிக்கை. "இதுல எது நான் போட்டது, எது அவங்க போட்டது டீச்சர்?" என்று கேட்டார். விரலால் வரிசையைக் காட்டினேன். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, இரண்டு வரிசையையும் மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தார்.